மாத்திரைக்கு இரண்டு பெயர்: மலிவு மருந்து நமக்கு வந்த வரலாறு

மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாடின். இந்தப் பெயர்களை நம் மக்களில் பெரும்பாலோர் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் இவற்றைத் தினமும் விழுங்குகிறவர்கள் இல்லாத தெருவை இன்று எந்தச் சேரியிலும் பார்க்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி வைத்த பெயர்தான். மருத்துவர் சீட்டில் எழுதுவது அந்தப் பெயரை. மெடிக்கலில் கேட்பதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். மாத்திரை தீர்ந்தால் காலி அட்டையை நீட்டி, 'இதையே கொடுங்க' என்கிறோம்.

அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு பெயர் இருக்கும். அதுதான் மருந்தின் பெயர். அதே மருந்து, அதே மில்லிகிராம், வேறு அட்டையில் பல மடங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து மேல், கீழ் என்று மதிப்புப் போடுவது இந்த நாட்டில் நமக்குப் புதிய அனுபவம் அல்ல. மாத்திரைக்கும் அதுதான் நடக்கிறது.

மலிவு விலை மருந்து என்றாலே ஏதோ ஓர் ஆட்சி போட்ட பிச்சை என்றோ, ஏதோ ஒரு கம்பெனி காட்டிய கருணை என்றோ பேசும் வழக்கம் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சட்டம் எழுதி, ஆலை கட்டி, நீதிமன்றத்தில் வழக்காடி வென்றெடுத்த உரிமை அது. அந்த வழக்கின் முக்கியமான கட்டங்கள் நடந்தது நம் சென்னையில். அந்தக் கதை நம் மக்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் மருந்துச் சீட்டை நீட்டும்போது கேள்வி கேட்கும் துணிவு வரும்.

வெள்ளைக்காரன் போனான், அவன் சட்டம் போகவில்லை

1947 இல் ஆட்சி மாறியது. ஆனால் 1911 இல் ஆங்கிலேய அரசு இயற்றிய காப்புரிமைச் சட்டம் அப்படியே தொடர்ந்தது. ஒரு மருந்துக்குக் காப்புரிமை வாங்கிய நிறுவனம் நினைத்தால் இங்கே அதைச் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். வெளிநாட்டில் செய்து கப்பலில் கொண்டுவந்து கேட்ட விலைக்கு விற்கலாம். செய்யத் தெரிந்த இந்தியர் செய்தால் வழக்கு.

இதற்கு ஒரு நடைமுறை உதாரணம் உண்டு. சர்க்கரை நோய்க்கான டோல்புடமைடு மருந்தைப் பம்பாயில் இருந்த யுனிகெம் நிறுவனம், அதே ஊரின் ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தின் செய்முறையைக் கொண்டு தயாரித்தது. ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. 1968 இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஹோக்ஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சர்க்கரை நோயாளிக்கு மருந்து வேண்டும், அதைச் செய்யும் அறிவும் உள்ளூரில் இருக்கிறது, ஆனாலும் சட்டம் குறுக்கே நின்றது.

அமெரிக்க செனட்டில் எஸ்டஸ் கெஃபாவர் தலைமையில் மருந்து விலைகளை ஆராய்ந்த குழு, உலகில் மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளின் வரிசையில் இந்தியாவைச் சேர்த்தது. உலகின் ஏழை நாடுகளில் ஒன்று, உலகின் உயர்ந்த மருந்து விலை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார், ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டபடி காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து 1959 இல் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டாரிடம் இருந்தன என்றும், அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இங்கே தொழிலாக நடத்தப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை காட்டியது. பட்டா அவர்கள் கையில், நிலம் தரிசு, உழுகிறவனுக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. நிலத்தில் நாம் பார்த்த அதே ஏற்பாடுதான் மருந்திலும் நடந்தது.

இதே காலத்தில் அரசு சொந்தமாக மருந்து ஆலைகளைக் கட்டியது. உலகச் சுகாதார நிறுவனம், யூனிசெஃப் உதவியோடு 1954 இல் புனே அருகே பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது. பென்சிலின் அங்கே தயாரானது. 1961 இல் சோவியத் ஒத்துழைப்போடு ஐ.டி.பி.எல். உருவாகி, ரிஷிகேஷிலும் ஹைதராபாத்திலும் பெரிய ஆலைகள் வந்தன. பிற்காலத்தில் ஹைதராபாத் மருந்து நகரமாக வளர்ந்ததற்கு அந்தப் பொதுத்துறை ஆலை ஒரு பள்ளிக்கூடம்போல இருந்தது. அங்கே வேலை பார்த்துத் தொழில் கற்றவர்களில் ஒருவர்தான் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி. இன்று தனியார் சாதனை என்று சொல்லப்படுவதன் அடியில் மக்கள் வரிப்பணம் கிடக்கிறது.

அய்யங்கார் அறிக்கை சட்டமாக மாறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 1970 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. சாம்பார் வைக்கும் ஒருவர் தன் கைப்பக்குவத்துக்கு உரிமை கேட்கலாம், சாம்பாருக்கே உரிமை கேட்க முடியாது என்பதுபோல. அந்தச் செய்முறை உரிமையும் முத்திரையிட்ட நாளிலிருந்து 5 ஆண்டு அல்லது விண்ணப்பித்த நாளிலிருந்து 7 ஆண்டு, இரண்டில் எது குறைவோ அதுவரைதான். வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய எவருக்கும் தடை இல்லை. பல கம்பெனிகள் ஒரே மருந்தைச் செய்யத் தொடங்கின. போட்டி வந்தது, விலை இறங்கியது. உலகின் ஏழை நாடுகள் மருந்துக்காக இந்தியாவை நோக்கத் தொடங்கியதற்கு அடித்தளம் இந்தச் சட்டம்தான்.

பெயரை எடு என்றது ஹாத்தி குழு

செய்யும் உரிமை கிடைத்தது. ஆனால் விற்பனையில் இன்னொரு பூட்டு இருந்தது. அது பிராண்டுப் பெயர். ஒரே மருந்துக்கு ஐம்பது பெயர் இருந்தால், மருத்துவர் மனதில் தன் பெயரைப் பதிய வைக்கும் கம்பெனிதான் ஜெயிக்கும். அதற்காகச் செலவழிக்கும் பணமும் நோயாளியின் தலையில்தான் விழும்.

ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் அமைந்த குழு 1975 இல் கொடுத்த அறிக்கை இந்த இடத்தில் கை வைத்தது. பிராண்டுப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும், முதலில் 13 மருந்துகளில் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு சில மருந்துகளுக்கு மட்டும் ஆணை போட்டது. கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. அந்தத் திட்டம் அங்கேயே முடங்கிப்போனது.

விலைக் கட்டுப்பாடும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1979 இல் 347 மருந்துகளுக்கு அரசு விலை வைத்தது. 1987 இல் அது 142 ஆனது. 1995 இல் 74. தாராளமயம் என்ற சொல் மருந்துக் கடையில் என்ன பொருள் தந்தது என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

ஆனால் அண்டை நாடொன்று வேறு வழியில் போனது. 1982 இல் வங்கதேசம், ஜாஃபருல்லா சௌத்ரி போன்ற மக்கள் மருத்துவர்களின் முயற்சியால், தேவையற்ற மருந்துகளை வெட்டியெறிந்து அத்தியாவசிய மருந்துகளை உள்நாட்டில் செய்யும் கொள்கையைக் கொண்டுவந்தது. இங்கே குஜராத்தின் வடோதராவில் 1983 இல் தொடங்கிய லோகாஸ்ட் அமைப்பு, அத்தியாவசிய மருந்துகளைக் குறைந்த விலையில் செய்து ஏழைகளுக்கு வேலை செய்யும் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. மருந்தைச் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை இவை வெளியே காட்டின.

தர்மாஸ்பத்திரியில் நடந்த மாற்றம்

ஹாத்தி குழு நாடு முழுக்கச் செய்யச் சொன்னதைத் தமிழ்நாடு தன் அரசு மருத்துவமனைகளுக்குள் செய்து காட்டியது. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. 1995 ஜனவரி முதல் மருந்து வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் மருந்து வாங்குவதில் நடந்த ஊழலும் தட்டுப்பாடும் ஊரறிந்தவை.

புதிய முறை எளிமையானது. எந்தெந்த மருந்து அவசியம் என்று ஒரு பட்டியல். அவற்றை மூலப்பெயரில் மட்டும், இடைத்தரகர் இல்லாமல், செய்கிறவர்களிடமிருந்தே ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்குவது. மாவட்டந்தோறும் கிடங்கு. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாதபடி ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே வெளியே விடுவது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். திருட்டைத் தடுக்க, அட்டையிலேயே அரசு முத்திரையும் விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும்.

கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே வழியைப் பின்பற்றின. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது.

நம் பாட்டிமார் அரசு மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். தர்மம் என்றால் கேள்வி கேட்க முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மருத்துவப் பணிகள் கழகத்தின் முறை அந்தச் சொல்லைப் பொய்யாக்கியது. பட்டியல், கிடங்கு, சோதனை, கணக்கு என்று எல்லாம் எழுத்தில் இருந்தால், மருந்து இல்லை என்று சொல்கிறவரிடம் ஏன் இல்லை என்று கேட்கலாம். தர்மத்துக்கும் உரிமைக்கும் இருக்கும் வேறுபாடு இவ்வளவுதான். இருந்தும், 'ஜி.எச். மாத்திரை வேலை செய்யாது' என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. இலவசமாகக் கிடைப்பது தாழ்ந்தது என்ற எண்ணம் நமக்குள் ஊன்றப்பட்டது. அதை ஊன்றியவர்களுக்கு அதனால் லாபம் இருந்தது.

தாம்பரமும் 350 டாலரும்

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986 இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நடந்த ஆய்வு அதைக் காட்டியது. அடுத்த ஆண்டுகளில், மற்ற இடங்களில் விரட்டப்பட்ட நோயாளிகள் வந்து சேரும் இடமாகத் தாம்பரம் காசநோய் மருத்துவமனை ஆனது. தொடமாட்டேன் என்று ஒதுக்கப்படுவதன் வலி என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நோயாளிகள் பிறந்த சாதி எதுவாக இருந்தாலும் நோய் அவர்களைத் தீண்டத்தகாதவர் ஆக்கியது.

1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. மேற்கு நாடுகளில் சாவு குறைந்தது. ஆனால் அதன் விலை ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். மருந்து இருந்தது, ஏழைகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுஃப் ஹமீதின் தலைமையில், அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. இது 1970 சட்டத்தின் விளைச்சல். பொருள் காப்புரிமை இங்கே இருந்திருந்தால் சிப்லா அந்த மருந்துகளைச் செய்திருக்கவே முடியாது. அப்போது தென்னாப்பிரிக்காவில் 39 மருந்து கம்பெனிகள், மலிவு மருந்துக்கு வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்து அந்நாட்டு அரசு மீதே வழக்குப் போட்டிருந்தன. நோயாளிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். உலகமே காறித்துப்பியதும் 2001 ஏப்ரலில் கம்பெனிகள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆனால் மருந்தைச் செய்த நாட்டிலேயே அரசு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்றுதான். தாம்பரம் அந்த முதல் மையங்களில் ஒன்று. மலிவான மாற்று மருந்து இருந்தால் மட்டும் போதாது, அதை ஏழையின் கையில் சேர்க்கும் அரசும் வேண்டும் என்பதை அந்த மூன்றாண்டுத் தாமதம் சொல்கிறது.

கிளிவெக் வழக்கு

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதன் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தப்படி இந்தியா மருந்துப் பொருளுக்கு மீண்டும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும். கெடு 2005 ஜனவரி 1. பழைய பூட்டு திரும்பி வந்தது. ஆனால் 2005 திருத்தச் சட்டத்தின்போது, அன்றைய அரசுக்கு ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளும் மக்கள் அமைப்புகளும் கொடுத்த அழுத்தத்தால், சட்டத்தில் ஒரு தடுப்புச் சுவர் வலுவாக எழுந்தது. அது பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், நோயைக் குணப்படுத்தும் திறனில் கூடுதலாக எதையும் தராவிட்டால், அது கண்டுபிடிப்பே அல்ல. காப்புரிமைக் காலம் முடியப்போகும் மருந்துக்குப் புதுச் சட்டை மாட்டி, இன்னும் 20 ஆண்டு விற்கும் தந்திரத்துக்கு எதிரான பிரிவு இது.

அந்தச் சுவரில் முதலில் மோதியது சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ். மருந்தின் பெயர் இமாடினிப். கம்பெனி வைத்த பெயர் கிளிவெக். ஒருவகை இரத்தப் புற்றுநோயை, தினமும் மாத்திரை விழுங்கிக் கட்டுக்குள் வைக்க முடியும் என்று காட்டிய அருமையான மருந்து. 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் மதிப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் அந்த மருந்துப் பொருளுக்கான காப்புரிமை விண்ணப்பம் 1993 இலேயே வெளிநாடுகளில் போடப்பட்டுவிட்டது. அப்போது இந்தியாவில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. எனவே அதன் ஒரு உப்பின் ஒருவகைப் படிக வடிவத்துக்கு உரிமை கேட்டு 1998 இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்டிஸ் விண்ணப்பித்தது.

2003 இறுதியில் அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதைக் காட்டி நீதிமன்றத் தடையாணையும் வாங்கியது. உள்நாட்டுக் கம்பெனிகள் சில தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. கிளிவெக்கின் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த இமாடினிப் மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய். அதாவது ஒரு மாத கிளிவெக் வாங்கும் பணத்தில் ஓராண்டுக்கு இமாடினிப் வாங்கலாம். விவசாயக் கூலிக்கு அந்தப் பத்தாயிரமும் மலைதான். ஆனால் நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ, அரசிடம் கேட்டோ அந்த மலையை ஏறிப் பார்க்கலாம். ஒரு லட்சத்து இருபதாயிரத்தை எந்த அடகுக் கடையும் மாதாமாதம் கொடுக்காது.

மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும், நாட்கோ, சிப்லா போன்ற மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு கொடுத்தன. காப்புரிமை கொடுக்கும் முன்பே யாரும் ஆட்சேபிக்கலாம் என்று நம் சட்டம் அனுமதிப்பதால் இது முடிந்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த முடிவை எதிர்த்ததோடு நிற்காமல், பிரிவு 3(டி) அரசமைப்புச் சட்டத்துக்கே விரோதம் என்று நோவார்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அரசமைப்பின் 14 ஆவது பிரிவு, அதாவது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற பிரிவு, தனக்குப் பறிக்கப்பட்டதாக வாதாடியது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட சமத்துவப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு பன்னாட்டுக் கம்பெனி.

நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று அந்த வாதத்தைத் தள்ளியது. உயிர் காக்கும் மருந்து குடிமக்களுக்கு எட்ட வேண்டும் என்ற நோக்கத்தையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது. வழக்கு மேல்முறையீட்டு வாரியம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு இறுதித் தீர்ப்பை எழுதியது. மருந்தைப் பொறுத்தவரை திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன்தான். புதிய வடிவம் நன்றாகப் பாய்கிறது, ஈரத்தைக் குறைவாக இழுக்கிறது, உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்பதெல்லாம், நோயாளிக்குக் கூடுதல் குணம் தருவதாக நிரூபிக்காதவரை கணக்கில் வராது. நோவார்டிஸ் தோற்றது. மலிவான இமாடினிப் நிலைத்தது.

இலவசமாகத்தான் கொடுக்கிறோமே என்ற வாதம்

இந்த வழக்கில் நோவார்டிஸ் சொன்ன ஒரு பதிலை நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 'எங்கள் உதவித் திட்டத்தின் மூலம் இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு கிளிவெக் இலவசமாகவே போகிறது. பிறகு விலையைப் பற்றி ஏன் பேச்சு?' என்பது அந்தப் பதில். இலவசமாகக் கொடுத்தது உண்மை. அதனால் பலர் உயிர் பிழைத்ததும் உண்மை.

ஆனால் யாருக்குக் கொடுப்பது, எதுவரை கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கொடுப்பவர் கையில். பட்டியலில் பெயர் வராதவர் யாரிடம் முறையிடுவார்? 1927 இல் மகாத் குளத்துக்கு அம்பேத்கர் மக்களை அழைத்துப் போனது தாகத்துக்காக மட்டும் அல்ல. மேலிருந்து ஊற்றும் தண்ணீரைக் கையேந்திக் குடிப்பதற்கும், குளத்தில் இறங்கித் தானே அள்ளிக் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்குக் காட்டத்தான். இலவச கிளிவெக் என்பது ஊற்றும் தண்ணீர். பலரும் செய்யும், பலரும் விற்கும், அரசு மொத்தமாக வாங்கக்கூடிய இமாடினிப் என்பது குளம்.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அந்தப் புற்றுநோயின் மரபணு மாற்றத்துக்கு முதல் தடயம் 1960 இல் பிலடெல்பியாவில் கிடைத்தது முதல், பல்கலைக்கழகங்களிலும் பொதுப்பணத்திலும் நடந்த ஆய்வுகள் இல்லாமல் கிளிவெக் இல்லை. பொதுமக்களும் முதல் போட்ட தொழிலில் விலையை மட்டும் ஒருவரே வைப்பது நியாயம் அல்ல.

அதே காலத்தில் இன்னொரு கதவும் திறந்தது. பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர் என்னும் புற்றுநோய் மருந்து மாதம் சுமார் 2,80,000 ரூபாய். மக்களுக்கு எட்டாத விலை என்பதைக் காரணமாக ஏற்று, 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமை அதிகாரி பி.எச். குரியன், நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். மாதத்துக்கு 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது, பேயருக்குப் பங்குத்தொகை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மேல்முறையீட்டில் 2013 மார்ச்சில் அதை உறுதிசெய்த வாரியத்தின் தலைவர், சென்னையில் 3(டி) பிரிவைக் காத்த அதே பிரபா ஸ்ரீதேவன். ஆனால் இந்த வழியில் அரசு அடுத்த அடி வைக்கவில்லை.

3(டி) மட்டும் இன்றும் வேலை செய்கிறது. காசநோய், ஏழைகளின் நெரிசலான குடியிருப்புகளைத் தேடி வரும் நோய். மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுயிலின் மருந்தின் உரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் செய்த விண்ணப்பத்தை 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. ஆட்சேபித்தவர்கள், காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள்: இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. பழைய சிகிச்சையின் நச்சால் செவித்திறன் இழந்தவர்கள் இருவரும். தங்களுக்கு வந்தது மற்றவர்களுக்கு வரக்கூடாது என்று வழக்காடினார்கள்.

பூட்டு இப்போது மருந்துச் சீட்டில்

இத்தனை சண்டை போட்டு வென்ற மலிவு மருந்து கடைசி அடியில் தடுக்கி நிற்கிறது. அந்த இடம் மருந்துச் சீட்டு.

மருத்துவர் பிராண்டுப் பெயரை எழுதிவிட்டால், சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற வகை மருந்துகளில், அதே மருந்தின் மலிவான வேறு தயாரிப்பை மருந்தாளுநர் மாற்றிக் கொடுக்க நம் மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. அப்படியானால் மூலப்பெயரை எழுத வேண்டியது மருத்துவர். 2016 இல் மருத்துவ கவுன்சில், மூலப்பெயரைத் தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று விதியில் சேர்த்தது. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் அதை இன்னும் கடுமையாக்கியது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதம் 23 ஆம் தேதி அந்த விதிமுறை நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்று வாரம்தான். ஹாத்தி குழுவுக்கு நேர்ந்தது மீண்டும் நேர்ந்தது.

தரம் பற்றி மருத்துவர்கள் எழுப்பும் கேள்வியை நாம் ஒதுக்கக் கூடாது. கெட்ட மருந்தால் முதலில் பாதிக்கப்படுவது நம் பிள்ளைகள்தான். மூல மருந்துக்கு நிகராக உடலில் சேர்கிறதா என்ற சோதனையை, எளிதில் கரையாத பலவகை மருந்துகளுக்கு அரசு கட்டாயமாக்கியதே 2017 இல்தான். ஆனால் தரத்துக்குப் பிராண்டு உத்தரவாதம் அல்ல. 2025 இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. அதற்கும் கோல்ட்ரிஃப் என்ற பிராண்டுப் பெயர் இருந்தது. மருந்தைக் காப்பது சோதனைக்கூடமும் ஆய்வாளரும் மட்டுமே. அவர்களைக் கூட்டச் சொல்லிக் கேட்பதுதான் நேர்மையான தரக் கோரிக்கை.

கடைகளும் வந்திருக்கின்றன. 2008 இல் அமிர்தசரஸில் முதல் மக்கள் மருந்தகம் திறந்தது. இன்று பிரதமர் பெயரில் 10,000க்கு மேல். தமிழ்நாட்டில் 2014 இல் அம்மா மருந்தகம். 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள். இவற்றால் பயன் உண்டு, நாம் போக வேண்டும். ஆனால் ஒன்றைப் பாருங்கள். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுத வைக்க முடியாத அரசுகள், ஆள்கிறவரின் பெயரைக் கடைப் பலகையில் எழுதத் தவறுவதில்லை. தர்மாஸ்பத்திரி என்ற பழைய சொல் வேறு வடிவில் திரும்பி வருகிறது.

நம் கையில் இருப்பவை சில. மருத்துவரிடம் மூலப்பெயரை எழுதச் சொல்லிக் கேட்கலாம். 2018 முதல் அட்டையில் மூலப்பெயரைப் பிராண்டுப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது; அதைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பெயர், மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகையா இல்லையா, மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. ஜெனரிக் என்று கொடுத்துவிட்டு அட்டையில் அச்சிட்ட முழு விலையை வாங்கும் கடையில் பில் கேட்க வேண்டும். அட்டை விலைக்கும் கடைக்காரர் வாங்கிய விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியவை வேறு. சீட்டில் மூலப்பெயர் கட்டாயம். ஒரே மருந்தை மலிவாக மாற்றித்தர மருந்தாளுநருக்கு அனுமதி. மாவட்டந்தோறும் மருந்துச் சோதனைக்கூடம், அதன் முடிவுகள் தமிழில் பொதுவெளியில். அரசு மருத்துவமனையில் மருந்து இல்லையென்றால் அதை எழுத்தில் தரும் கடமை. 3(டி) பிரிவில் எந்த வர்த்தக ஒப்பந்தத்துக்காகவும் கை வைக்கக் கூடாது.

2013-14 இல் இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் 64 விழுக்காடு மக்கள் தம் பையிலிருந்து கொடுத்தது. அரசின் கணக்குப்படி 2021-22 இல் அது 39 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அந்த 39இல் பெரும்பங்கு மருந்துக்குப் போகிறது. கந்துவட்டிக்கும் குழுக் கடனுக்கும் நம் வீடுகள் போகும் பாதைகளில் ஒன்று மருந்துக்கடை வழியாகத்தான் செல்கிறது. அந்தப் பாதையை அடைக்கும் சட்டங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை மருந்துச் சீட்டு வரை கொண்டுவந்து சேர்க்கும் வேலைதான் மிச்சம்.